அனுப்புறவங்க அட்ரஸைப் பாத்து மெயிலை வேற வேற ரிலே வழியா அனுப்புறது: போஸ்ட்ஃபிக்ஸ் கேள்வி பதில்

இந்த ஏற்பாடு யாருக்கு வேணும்?

ஒரே மெயில் சர்வர், அதுல மூணு நாலு டொமைன் ஓடுது, ஒவ்வொரு டொமைனுக்கும் வெளிய மெயில் அனுப்ப தனித்தனி எஸ்எம்டிபி (மெயிலை ஒரு சர்வர் இன்னொண்ணுக்கு கைமாத்துற முறை) கணக்கு வச்சிருக்கீங்கன்னா உங்களுக்கு வேணும். வீட்டுல இருக்கற லினக்ஸ் மெஷின்லேந்து ஆஃபீஸ் அட்ரஸ்ல அனுப்பினா ஆஃபீஸ் சர்வர் வழியாவும் சொந்த அட்ரஸ்ல அனுப்பினா ஜிமெயில் வழியாவும் போகணும்னு நினைக்கிறவங்களுக்கும் இதே வழிதான். இப்படி நம்ம மெயிலை வாங்கி மேல அனுப்பி வைக்கிற நடு சர்வரைத்தான் ரிலேன்னு சொல்றோம்.

சாதாரணமா மெயில் சர்வர் "யாருக்குப் போகுது"ன்னு பாத்துதான் வழிய முடிவு பண்ணும், வாங்குறவங்க டொமைனோட எம்எக்ஸ் ரெக்கார்டை (அந்த டொமைனோட மெயிலை எந்த சர்வர் வாங்கும்னு டிஎன்எஸ்ல இருக்கற குறிப்பு) தேடிப் பிடிச்சு அங்க கொண்டுபோய் குடுத்துடும். நாம இங்க கேக்குறது அதுக்கு நேர் எதிர், "யார் அனுப்புறாங்க"ன்னு பாத்து வழி மாறணும். நான் சொல்றதெல்லாம் போஸ்ட்ஃபிக்ஸை வச்சுத்தான். வீட்சே வெனமா ஐபிஎம்ல இருந்தப்ப எழுதி 1998ல வெளிய விட்ட சர்வர் அது, இந்த வசதி 2006ல வந்த 2.3 வெர்ஷன்லேந்தே இருக்கு, அதனால உங்க மெஷின்ல கண்டிப்பா இருக்கும்.

"அனுப்புறவங்க அட்ரஸ்"னா எந்த அட்ரஸ்?

முதல்ல இது புரியணும். எங்கிட்ட உதவி கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இங்கதான் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஒரு மெயில்ல அனுப்புறவர் அட்ரஸ் ரெண்டு இடத்துல இருக்கு. கவர் மேல எழுதுறது ஒண்ணு, உள்ள லெட்டர்ல எழுதுறது இன்னொண்ணு. கவர் மேல இருக்கறது சர்வரும் சர்வரும் பேசிக்கறப்ப "மெயில் ஃப்ரம்" கட்டளைல வரும், மெயில் போய்ச் சேந்ததும் ரிட்டர்ன்-பாத்னு ஒரு ஹெடரா அதுல பதிஞ்சிருக்கும். லெட்டர் உள்ள இருக்கறது நீங்க இன்பாக்ஸ்ல பாக்குற ஃப்ரம் ஹெடர். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. போஸ்ட்ஃபிக்ஸ் ரிலே முடிவு பண்ண பாக்குறது கவர் அட்ரஸை மட்டும்தான், ஃப்ரம் ஹெடரைத் திரும்பிக்கூட பாக்காது.

உதாரணத்துக்கு ஒரு பிஹெச்பி வெப்சைட், ஆர்டர் வந்ததும் மெயில் அனுப்புது, கோடுல ஃப்ரம் ஹெடர்ல ஆர்டர்@எக்ஸாம்பிள்.காம்னு தெளிவா எழுதியிருக்கு, எந்த அட்ரஸுக்கு எந்த ரிலேன்னு நாம எழுதற டேபிள்லயும் அதே அட்ரஸ் இருக்கு, ஆனா மெயில் வேற ரிலே வழியா போகுது. ஏன்னா பிஹெச்பியோட மெயில் ஃபங்ஷன் கவர் அட்ரஸா அந்த வெப்சர்வர் யூசர் பேரைப் போட்டுடும், அதாவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா@ஹோஸ்ட்நேம் மாதிரி ஒண்ணு. அந்த ஃபங்ஷனுக்கு அஞ்சாவது ஆர்க்யுமென்ட்டா "-எஃப்" போட்டு ஒட்டினாப்புல அட்ரஸைக் குடுத்தா சரியாயிடும். கமாண்ட் லைன்ல சென்ட்மெயில் கட்டளைக்கும் அதே -எஃப்தான்.

கோடை மாத்த முடியாதுன்னா சென்டர்_கனானிகல்_மேப்ஸ்னு ஒரு செட்டிங் வச்சு அட்ரஸை மாத்தலாம். அது மெயில் க்யூவுக்குள்ள (அனுப்பக் காத்திருக்கற வரிசை) வர்றப்பவே மாத்திடுது, அதனால ரிலே தேடுறப்ப புது அட்ரஸ்தான் தெரியும். எஸ்எம்டிபி_ஜெனரிக்_மேப்ஸ் இதுக்கு உதவாது, அது கடைசில மெயில் வெளிய போறப்பதான் வேலை செய்யும், அதுக்குள்ள எந்த ரிலேன்னு முடிவாகியிருக்கும். இந்த ரெண்டையும் மாத்திப் போட்டுட்டு ராத்திரி முழுக்க உக்காந்தவங்களைப் பாத்திருக்கேன்.

சரி, என்ன எழுதணும்?

போஸ்ட்ஃபிக்ஸோட முக்கிய செட்டிங் ஃபைலான மெயின்.சிஎஃப்ல ரெண்டு வரி. பேரெல்லாம் இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல, நடுவுல அண்டர்ஸ்கோர்:

ரிலேஹோஸ்ட் = [ரிலே.எக்ஸாம்பிள்.நெட்]:587
சென்டர்_டிபென்டன்ட்_ரிலேஹோஸ்ட்_மேப்ஸ் = ஹாஷ்:/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/சென்டர்_ரிலே

முதல் வரி டேபிள்ல இல்லாதவங்களுக்கான பொது வழி. அதைக் காலியா விட்டா அவங்க மெயில் நேரா எம்எக்ஸுக்குப் போகும். அப்புறம் சென்டர்_ரிலே ஃபைல்ல:

பில்@எக்ஸாம்பிள்.காம்   [எஸ்எம்டிபி1.எக்ஸாம்பிள்.நெட்]:587
@எக்ஸாம்பிள்.ஆர்க்   [எஸ்எம்டிபி2.எக்ஸாம்பிள்.நெட்]:587

முழு அட்ரஸை முதல்ல தேடும், கிடைக்கலன்னா @டொமைனைத் தேடும். டொமைனுக்கு முன்னாடி @ கட்டாயம், வெறும் டொமைன் பேரை எழுதினா எர்ரரும் வராது, வேலையும் செய்யாது. சப்டொமைனுக்கு தனி வரி வேணும், @எக்ஸாம்பிள்.ஆர்க்னு எழுதினது நியூஸ்.எக்ஸாம்பிள்.ஆர்க்குக்கு பொருந்தாது. ஒரு டொமைன் முழுக்க ஒரு ரிலே, ஆனா அதுல ஒரே ஒருத்தர் மட்டும் பொது வழில போகணும்னா அவர் அட்ரஸுக்கு நேரா டன்னோன்னு கேப்பிட்டல்ல, அதாவது டி-யு-என்-என்-ஓ, எழுதுங்க, 2.6லேந்து அது இருக்கு.

ஸ்கொயர் பிராக்கெட் எதுக்கு?

பிராக்கெட் போட்டா "இந்த ஹோஸ்டுக்கே நேரா போ"ன்னு அர்த்தம். போடலன்னா அந்தப் பேருக்கு எம்எக்ஸ் ரெக்கார்ட் இருக்கான்னு தேடும், இருந்தா உங்க மெயில் நீங்க நினைக்காத சர்வர்ல போய் நிக்கும்.

ஒவ்வொரு ரிலேவுக்கும் யூசர்நேம் பாஸ்வேர்ட் வேற, அது எங்க?

மெயின்.சிஎஃப்ல இன்னும் அஞ்சு வரி (சாஸல்ங்கறது லாகின் முறை, டிஎல்எஸ்ங்கறது லைனைப் பூட்டுற என்கிரிப்ஷன்):

எஸ்எம்டிபி_சாஸல்_ஆத்_எனேபிள் = யெஸ்
எஸ்எம்டிபி_சென்டர்_டிபென்டன்ட்_ஆதென்டிகேஷன் = யெஸ்
எஸ்எம்டிபி_சாஸல்_பாஸ்வேர்ட்_மேப்ஸ் = ஹாஷ்:/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/சாஸல்_பாஸ்வேர்ட்
எஸ்எம்டிபி_சாஸல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் = நோஅனானிமஸ்
எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் = என்கிரிப்ட்

பாஸ்வேர்ட் ஃபைல்ல இடது பக்கம் அனுப்புறவர் அட்ரஸ் இல்லன்னா ரிலே ஹோஸ்ட், வலது பக்கம் யூசர்நேம்:பாஸ்வேர்ட். ஹோஸ்ட் எழுதுறீங்கன்னா ரிலே டேபிள்ல எப்படி எழுதினீங்களோ அச்சு அசலா அப்படியே இருக்கணும், பிராக்கெட், போர்ட் உட்பட. அங்க :587 இருந்து இங்க இல்லன்னா பாஸ்வேர்ட் கிடைக்காது, ஆனா போஸ்ட்ஃபிக்ஸ் பாஸ்வேர்ட் இல்லாமலே போய் கதவைத் தட்டும், அந்தப் பக்கம் "ஆதென்டிகேஷன் வேணும்"னு திருப்பி அனுப்பிடும்.

ரெண்டாவது வரி ரொம்ப முக்கியம், குறிப்பா ஒரே சேவைல ரெண்டு கணக்கு வச்சிருக்கறவங்களுக்கு. ஹோஸ்ட் ஒண்ணே, ஆளு மட்டும் வேறன்னா ஹோஸ்டை வச்சு பாஸ்வேர்டைத் தேடி பிரயோஜனமில்ல, அனுப்புறவர் அட்ரஸை வச்சுதான் தேடணும். இதை ஆன் பண்ணினா போஸ்ட்ஃபிக்ஸ் கனெக்ஷனைத் திறந்து வச்சு அடுத்த மெயிலுக்கும் உபயோகிக்கறதை நிறுத்திடும், ஒருத்தர் லாகின்ல இன்னொருத்தர் மெயில் போயிடக் கூடாதேன்னு. அதிக அளவுல மெயில் போற சர்வர்ல வேகம் கொஞ்சம் குறையும், அதுக்காக ஆஃப் பண்ணிடாதீங்க.

என்கிரிப்ட்னு போட்டா லைன் பூட்டியிருக்கும், ஆனா எதிர்ல நிக்கிற சர்வர் நிஜமாவே அவங்கதானான்னு சர்டிஃபிகேட்டை சரி பாக்காது. பாஸ்வேர்ட் போற வழி, அதனால முடிஞ்சா செக்யூர் லெவல் வைங்க, கூடவே எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_சிஏஃபைல்ல சிஸ்டத்தோட சர்டிஃபிகேட் ஃபைலையும் காட்டுங்க.

பாஸ்வேர்ட் ஃபைலோட பர்மிஷன் 600, ஓனர் ரூட். போஸ்ட்ஃபிக்ஸால படிக்க முடியுமான்னு பயப்பட வேணாம், அது ரூட்டா இருக்கறப்பவே டேபிளைத் திறந்துட்டு அப்புறம்தான் அதிகாரத்தைக் கழட்டி வைக்கும்.

"நோ வொர்த்தி மெக்ஸ் ஃபவுண்ட்"னு லாக்ல வருது?

சாஸல் மாட்யூல் பேக்கேஜ் போடல. டெபியன், உபுண்டுல லிப்சாஸல்2-மாட்யூல்ஸ், ரெட்ஹேட் வகைல சைரஸ்-சாஸல்-பிளெய்ன். அதுக்கப்புறமும் வந்தா மேல சொன்ன செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் வரியைப் பாருங்க, டிஃபால்ட்டா அதுல நோபிளெய்ன்டெக்ஸ்ட்டும் இருக்கும், பிளெய்ன் லாகின் மட்டுமே தர்ற ரிலேன்னா அதுலயே நின்னுடும்.

பாஸ்வேர்ட் சரிதான், ஜிமெயில் ஏத்துக்க மாட்டேங்குது?

சாதாரண பாஸ்வேர்ட் ஆகாது. கணக்குல 2-ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணிட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்துப் போடணும். இன்னொண்ணு, அந்தக் கணக்குல பதிவு பண்ணாத அட்ரஸ்ல அனுப்பினா ஜிமெயில் ஃப்ரம்மை தன் கணக்கு அட்ரஸா மாத்திடும்.

டேபிளை மாத்தினேன், ஒண்ணுமே ஆகல?

போஸ்ட்மேப் ஓட்டினீங்களா? ஹாஷ் டேபிள்னா நீங்க எழுதுற டெக்ஸ்ட் ஃபைலை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கறதில்ல, அதுலேந்து போஸ்ட்மேப் உண்டாக்குற .டிபி ஃபைலைத்தான் படிக்குது. ஒவ்வொரு தடவை மாத்தினதும் ஓட்டணும். சின்ன டேபிள்தான், இந்தத் தொல்லை வேணாம்னா ஹாஷுக்கு பதிலா டெக்ஸ்ட்ஹாஷ்னு போட்டுட்டு மாத்தினதும் போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட் பண்ணினா போதும். சில புது டிஸ்ட்ரோக்கள்ல ஹாஷ் வகையே எடுத்துட்டாங்க, அங்க எல்எம்டிபி, உங்க மெஷின்ல என்னென்ன இருக்குன்னு போஸ்ட்கான்ஃப் -எம் சொல்லும்.

டேபிள் சரியா பதில் சொல்லுதான்னு மெயில் அனுப்பாமலே பாக்கலாம், போஸ்ட்மேப் -கியூ போட்டு அட்ரஸைக் குடுங்க. ஆனா ஒண்ணு, போஸ்ட்மேப் நீங்க குடுத்த சொல்லை மட்டும்தான் தேடும், முழு அட்ரஸ் இல்லன்னா @டொமைனுக்கு அதுவா தாவாது. ரெண்டையும் தனித்தனியா கேட்டுப் பாருங்க.

எந்த ரிலே வழியா போச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

லாகைப் படிக்கக் கத்துக்கோங்க, வேற எதுவும் அவ்வளவு தெளிவா சொல்லாது. ஒரு டெஸ்ட் மெயில் விட்டுட்டு பாத்தா இந்த மாதிரி ரெண்டு வரி இருக்கும்:

போஸ்ட்ஃபிக்ஸ்/கியூஎம்ஜிஆர்: 7பி3ஏ1: ஃப்ரம்=<பில்@எக்ஸாம்பிள்.காம்>, சைஸ்=842, என்ஆர்சிபிடி=1
போஸ்ட்ஃபிக்ஸ்/எஸ்எம்டிபி: 7பி3ஏ1: டூ=<ரவி@எக்ஸாம்பிள்.எஜு>, ரிலே=எஸ்எம்டிபி1.எக்ஸாம்பிள்.நெட்[192.0.2.25]:587, ஸ்டேட்டஸ்=சென்ட்

7பி3ஏ1ங்கறது க்யூ ஐடி, ரெண்டு வரியையும் கோக்குற நூல் அதுதான். முதல் வரில இருக்கற ஃப்ரம்தான் நிஜமான கவர் அட்ரஸ், டேபிள்ல தேடினது இதைத்தான். ரெண்டாவது வரில ரிலே= பக்கத்துல இருக்கறது கடைசியா கைமாத்தின சர்வர். ஃப்ரம் நீங்க எதிர்பாத்த அட்ரஸ் இல்லன்னா டேபிளைத் தொடாதீங்க, அனுப்புற புரோகிராமைப் பாருங்க. ஃப்ரம் சரியா இருந்து ரிலே தப்பா இருந்தா மட்டும் டேபிள் பக்கம் வாங்க. இந்த ஒரு பழக்கம் வந்துட்டா பாதி நேரம் மிச்சம்.

ஃப்ரம் சரி, டேபிள் சரி, ஆனாலும் வேற வழியா போகுதே?

டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் இருக்கான்னு பாருங்க. வாங்குறவர் டொமைனுக்கு அதுல ஒரு வழி எழுதியிருந்தா அதுதான் ஜெயிக்கும், அனுப்புறவர் டேபிளைக் கேக்கவே கேக்காது. டிஃபால்ட்_டிரான்ஸ்போர்ட்ல யாராவது ஹோஸ்ட் பேரையும் சேத்து எழுதி வச்சிருந்தாலும் அது ரிலேஹோஸ்டை விட மேல. வாங்குறவர் உங்க சர்வர்லயே இருக்கற டொமைன்னா எந்த ரிலேவும் கிடையாது, உள்ளயே டெலிவரி ஆயிடும். போஸ்ட்கான்ஃப் -என் அடிச்சா நீங்க மாத்தின வரி மட்டும் வரும், பழைய ஆள் விட்டுட்டுப் போன வரி ஒண்ணு அங்க உக்காந்திருக்கும்.

ஒரு ரிலே 465 போர்ட், இன்னொண்ணு 587. முடியுமா?

முடியும், ஆனா ரிலேஹோஸ்ட் டேபிள் மட்டும் பத்தாது. 587ல கனெக்ஷன் சாதாரணமா ஆரம்பிச்சு நடுவுல ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல்லி பூட்டிக்கும், 465ல முதல் பைட்லேந்தே பூட்டு. 465க்கு ரேப்பர்மோடுன்னு ஒரு செட்டிங் வேணும், 3.0லேந்து இருக்கு, அதை மெயின்.சிஎஃப்ல போட்டா எல்லா ரிலேவுக்கும் பொருந்தி 587 கெட்டுடும். அதனால போஸ்ட்ஃபிக்ஸோட சேவைகளை வரிசையா எழுதியிருக்கற மாஸ்டர்.சிஎஃப்ல எஸ்எம்டிபி வரியைக் காப்பி பண்ணி வேற பேர் வைங்க:

எஸ்எம்டிபி465   யூனிக்ஸ்   -   -   -   -   -   எஸ்எம்டிபி
   -ஓ எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_ரேப்பர்மோட்=யெஸ்
   -ஓ சிஸ்லாக்_நேம்=போஸ்ட்ஃபிக்ஸ்/எஸ்எம்டிபி465

சமம் குறிக்கு ரெண்டு பக்கமும் இடம் விடக் கூடாது, மெயின்.சிஎஃப்ல விடலாம், இங்க கூடாது. அப்புறம் 2.7ல வந்த சென்டர்_டிபென்டன்ட்_டிஃபால்ட்_டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ்ல அந்த அட்ரஸுக்கு நேரா எஸ்எம்டிபி465:[ஹோஸ்ட்]:465னு எழுதுங்க.

ரிலே வேணாம், ஒவ்வொரு டொமைனும் வேற ஐபிலேந்து போகணும்?

மேல சொன்ன அதே முறை. மாஸ்டர்.சிஎஃப்ல ஒவ்வொரு ஐபிக்கும் ஒரு எஸ்எம்டிபி காப்பி, அதுல -ஓ எஸ்எம்டிபி_பைண்ட்_அட்ரஸ், -ஓ எஸ்எம்டிபி_ஹெலோ_நேம். ஹெலோ பேரும் அந்த ஐபியோட ரிவர்ஸ் டிஎன்எஸ் பேரும் ஒத்துப்போகணும்.

பவுன்ஸ் மெயில் எந்த வழியா போகும்?

பவுன்ஸுக்கு, அதாவது டெலிவரி ஆகலன்னு சர்வர் திருப்பி அனுப்புற அறிவிப்புக்கு, கவர் அட்ரஸ் காலி, <> மட்டும். டேபிள்ல எந்த அட்ரஸும் பொருந்தாது, பொது ரிலேஹோஸ்ட் வழியா போகும். நிறைய ரிலே காலி அட்ரஸை ஏத்துக்காது, அப்ப பவுன்ஸ் க்யூலயே தங்கிடும். டேபிள்ல <>னு ஒரு வரி எழுதி அதுக்கு தனி வழி குடுக்கலாம், 2.5லேந்து.

ஃபார்வர்ட் ஆகுற மெயில் மட்டும் ரிஜெக்ட் ஆகுது?

வெளியிலேந்து உங்க யூசருக்கு வந்த மெயில் அப்படியே இன்னொரு அட்ரஸுக்கு ஃபார்வர்ட் ஆகுறப்ப கவர் அட்ரஸ் மாறாது, வெளியாள் அட்ரஸே இருக்கும். அதனால பொது ரிலேவுக்குப் போகும், அவங்க "இந்த அட்ரஸ் உன்னோடது இல்லையே"ன்னு தள்ளிடுவாங்க. ஃபார்வர்ட் ஆகுற மெயிலோட கவர் அட்ரஸை மாத்தி எழுதற எஸ்ஆர்எஸ்ங்கற முறையைப் போட்டு அதை உங்க டொமைனுக்கு மாத்துங்க, மாத்தின டொமைனை ரிலே டேபிள்லயும் சேருங்க.

அனுப்புறவர் அட்ரஸ் எங்க டொமைனா இருந்தா ரிலே பண்ண அனுமதி, இப்படி வைக்கலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்துல வேற எதையும் படிக்கலன்னாலும் இதைப் படிங்க.

"அனுப்புறவரைப் பாத்து வழி மாத்துறது" வேற, "அனுப்புறவரைப் பாத்து அனுமதி குடுக்கறது" வேற. கவர் அட்ரஸை யார் வேணா என்ன வேணா எழுதலாம், சரி பாக்க எஸ்எம்டிபில எதுவும் இல்ல. செக்_சென்டர்_ஆக்சஸ்ல உங்க டொமைனுக்கு நேரா ஓகேன்னு எழுதி அதை ரிலே அனுமதில வச்சீங்கன்னா உலகத்துல இருக்கற ஸ்பேம் ஆளுங்க எல்லாருக்கும் சாவியைக் குடுத்த மாதிரி, அவங்க பண்ண வேண்டியது உங்க டொமைன் பேரை மெயில் ஃப்ரம்ல போடறது மட்டும்தான். நான் ஆரம்பத்துல இதைச் செஞ்சேன், ஒரு பிரிண்டர் மெயில் அனுப்ப மாட்டேங்குதுன்னு அவசரத்துல அந்த வரியைச் சேத்தேன், ரெண்டு நாள் கழிச்சு க்யூல நிக்கிற மெயிலைப் பாக்க போஸ்ட்கியூ -பி அடிச்சா திரை நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு, ஆயிரக்கணக்குல மெயில், எல்லாத்துலயும் எங்க டொமைன். பிளாக்லிஸ்ட்லேந்து ஐபியை எடுக்க நாள் கணக்கா ஆச்சு, அதுவரைக்கும் எல்லாரோட நிஜ மெயிலும் திரும்பி வந்துச்சு.

அனுமதி ரெண்டே விதத்துலதான்: உங்க நெட்வொர்க் ஐபி, இல்லன்னா லாகின். 2.10லேந்து எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்னு தனியா இருக்கு, அதுல பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ், பெர்மிட்_சாஸல்_ஆதென்டிகேட்டட், டிஃபர்_அன்ஆத்_டெஸ்டினேஷன், இந்த மூணோட நிறுத்துங்க. லாகின் பண்ணத் தெரியாத பிரிண்டர்னா அதோட ஐபியை மட்டும் மைநெட்வொர்க்ஸ்ல சேருங்க.

லாகின் பண்ணினவங்க அடுத்தவங்க அட்ரஸ்ல அனுப்பினா?

போகும், அதுவும் அடுத்தவங்க ரிலே கணக்குல, அடுத்தவங்க கோட்டால. எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ்ல எந்த அட்ரஸ் எந்த லாகினுக்கு சொந்தம்னு எழுதிட்டு எஸ்எம்டிபிடி_சென்டர்_ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்ல ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச் போடுங்க. பெர்மிட் வரிகளுக்கு முன்னாடி வரணும், பின்னாடி வந்தா அதுவரைக்கும் போகவே போகாது.

ரிலே வழியா ஒழுங்கா போகுது, ஆனா ஸ்பேம்ல விழுது?

ஒவ்வொரு டொமைனோட எஸ்பிஎஃப் ரெக்கார்டுலயும் (இந்த டொமைன் பேர்ல எந்தெந்த சர்வர் அனுப்பலாம்ங்கற டிஎன்எஸ் குறிப்பு) அந்த டொமைன் போற ரிலே இருக்கணும். எஸ்பிஎஃப் பாக்குறதும் கவர் அட்ரஸ் டொமைனைத்தான். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெக்கார்ட், புது ரிலே வந்துச்சுன்னு ரெண்டாவது எஸ்பிஎஃப் டிஎக்ஸ்டி ரெக்கார்டைச் சேத்தா ரெண்டும் செல்லாது, இருக்கற வரிலயே இன்னொரு இன்க்லூட் சேருங்க, மொத்த டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டாம பாத்துக்கோங்க. ஃப்ரம் டொமைன் நிஜமான்னு சரி பாக்குற டிமார்க் விதி மட்டும் ஃப்ரம் ஹெடரையும் இழுத்து வரும், எஸ்பிஎஃப் பாஸான டொமைனோ டிகிம்ங்கற டிஜிட்டல் கையெழுத்துல இருக்கற டொமைனோ ஃப்ரம் ஹெடர் டொமைனோட ஒத்துப்போகணும். ரிலே அவங்க டொமைன்ல மட்டும் கையெழுத்துப் போட்டா உங்களுக்கு உதவாது, உங்க டொமைன் சாவியை அவங்ககிட்ட செட் பண்ணுங்க, இல்ல நீங்களே ரிலேவுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.

எக்சிம், எக்ஸ்சேஞ்ச் மாதிரி வேற மெயில் சர்வர்ல இது உண்டா?

எக்சிம்ல ரொம்ப சுலபம், மேனுவல்ரூட் டிரைவர்ல ஒரு ரூட்டர் எழுதி சென்டர்ஸ் கண்டிஷன் வைங்க, டிஎன்எஸ்லுக்கப் ரூட்டருக்கு மேல வைக்கணும், எக்சிம் மேலேந்து வரிசையாதான் பாக்கும். எக்ஸ்சேஞ்ச்ல சென்ட் கனெக்டர் வாங்குறவர் டொமைனை வச்சுதான் தேர்ந்தெடுக்கும், எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல மட்டும் மெயில் ஃப்ளோ ரூல் எழுதி குறிப்பிட்ட ஆளோட மெயிலை ஒரு கனெக்டர் பக்கம் திருப்பலாம்.

தப்பான ரிலேல மாட்டி க்யூல நிக்கிற மெயிலை என்ன பண்றது?

அழிக்காதீங்க. எந்த வழின்னு மெயிலோட சேத்து எழுதி வைக்கறதில்ல, ஒவ்வொரு தடவை முயற்சி பண்றப்பவும் புதுசா கேக்கும். அதனால டேபிளைச் சரி பண்ணி, போஸ்ட்மேப் ஓட்டி, ரீலோட் பண்ணிட்டு போஸ்ட்கியூ -எஃப் அடிங்க, புது வழில கிளம்பிடும். தப்பு கவர் அட்ரஸ்ல இருந்து சென்டர்_கனானிகல் போட்டு திருத்தினீங்கன்னா மட்டும் போஸ்ட்சூப்பர் -ஆர் ஆல் வேணும், ஆல் கேப்பிட்டல்ல, ஏன்னா அட்ரஸ் மாத்துறது மெயில் க்யூவுக்குள்ள நுழையுறப்பதான் நடக்குது, திரும்ப ஒரு தடவை உள்ள நுழைய வைக்கணும். முதல்ல ஒரே ஒரு க்யூ ஐடிக்கு மட்டும் ஓட்டி லாக்ல ரிலே= சரியா வருதான்னு பாத்துட்டு அப்புறம் மொத்தத்தையும் விடுங்க.